வானிரும்பும் மானுட உழைப்பும்: கேப் யோர்க் விண்கல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மனித வரலாற்றைக் கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் எனப் பகுத்து நோக்கும் மரபு நன்கு வேரூன்றிய ஒன்றாகும். 1836இல் டென்மார்க்கில் கிறிஸ்தியன் தொம்சன் வெளியிட்ட இப்பகுப்பு, நூதனசாலைப் பொருள்களை ஒழுங்குபடுத்தும் தேவையிலிருந்து பிறந்தது. ஆயின், ஒரு சமூகத்தின் கையில் எவ்வுலோகம் இருந்தது என்பதைக் காட்டிலும், அது எத்தகைய உழைப்பினால், எத்தகைய உறவுகளினூடாகக் கருவியாயிற்று என்பதே அடிப்படை வினாவாகும். பொருளாதார யுகங்களை வேறுபடுத்துவது எது ஆக்கப்படுகின்றது என்பதன்று, எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதே என மார்க்ஸ் ‘மூலதன’த்திற் சுட்டிச் சென்றமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. வடமேற்குக் கிறீன்லாந்தின் கேப் யோர்க் விண்கல் இவ்வினாவை நம் முன் நிறுத்துகின்றது.

1818இல் ஜோன் றொஸ் என்னும் பிரித்தானியக் கடற்படை அதிகாரி அக்கரையை அடைந்தபோது, அங்கு வாழ்ந்த இனூகுவிற் மக்கள் எலும்புப் பிடியில் இரும்புத் துண்டுகள் பொருத்திய கத்திகளை வைத்திருக்கக் கண்டார். உலையோ சுரங்கமோ இல்லாத ஒரு வேட்டைச் சமூகத்திடம் இரும்பு வந்த வகை யாது? பின்னர் அவ்விரும்பைப் பரிசோதித்தபோது அதில் நிக்கல் காணப்பட்டது. அது வானிலிருந்து வீழ்ந்த இரும்பு என்ற முடிவுக்கு இதுவே வழிகாட்டியது.

அம்மக்கள் இரும்பை உருக்கவில்லை. வேற்றிடத்திலிருந்து சுமந்து வந்த கடினமான பசால்ற்றுக் கற்களால் விண்கல்லை அடித்தடித்துச் சிறு செதில்களைப் பெயர்த்தனர். அவற்றைக் குளிர்ந்த நிலையிலேயே தட்டித் தட்டையாக்கி, எலும்பிலும் தந்தத்திலும் வெட்டிய பள்ளங்களில் வரிசையாகப் பதித்தனர். ‘பெண்’ என அவர்கள் பெயரிட்டழைத்த, ஏறத்தாழ 3 தொன் எடையுள்ள துண்டைச் சுற்றி இவ்வாறு பயன்படுத்தி எறியப்பட்ட கற்கள் பெருங்குவியலாகக் கிடந்தன. அவ்விரும்பு கனடாவின் ஆக்டிக் பகுதித் தொல்லியற் களங்களிலும் கிடைத்துள்ளமை, பரந்ததொரு பரிமாற்ற வலையைப் புலப்படுத்துகின்றது. கற்கருவியால் இரும்பை ஆக்கிய இம்மக்களை எக்காலத்தில் வைப்பது? நூதனசாலையின் பகுப்பு இவ்விடத்தில் தடுமாறுகின்றது.

இவ்விரும்பு உருவான வரலாறும் சுவையானது. ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், ஞாயிற்றுத் தொகுதியின் தொடக்கத்திலே தோன்றிய சில சிறுகோள்கள், அலுமினியம்-26 போன்ற கதிர்த்தொழிற்பாட்டு மூலகங்கள் வெளிவிட்ட வெப்பத்தால் உருகின. பாரமான இரும்பும் நிக்கலும் அமிழ்ந்து அகணியாயின. பாறைப் போர்வை வெப்பத்தை வெளியேற விடாமற் காத்தமையால் அவ்வகணி மிக மெதுவாகக் குளிர்ந்தது; வெப்பநிலை சில நூறு பாகை குறைவதற்கே பல இலட்சம் ஆண்டுகள் வேண்டியிருந்தன. அந்நெடுங்காலத்தில் நிக்கல் குறைந்த பளிங்குத் தகடுகள், நிக்கல் மிகுந்த உலோகத்தினிடையே ஒழுங்கான கோணங்களில் வளர்ந்தன. வெட்டி மெருகிட்டு அமிலத்தால் அரித்த முகத்தில் தோன்றும் இக்கோலம், 1808இல் வீயன்னாவில் இதனை அவதானித்த விட்மன்ஷ்டேற்றனின் பெயராற் குறிக்கப்படுகின்றது. பின்னர் மோதல்கள் அச்சிறுகோள்களை உடைக்க, துண்டுகள் சில புவியை அடைந்தன. எவ்வுலையும் அக்காலநீட்சியைப் போலி செய்தல் இயலாது.

1894இல் அமெரிக்கரான றொபேட் பியறி, துப்பாக்கி ஒன்றைக் கைம்மாறாகப் பெற்ற உள்ளூர் வழிகாட்டி ஒருவரின் துணையுடன் அவ்விடத்தை அடைந்து, தம் பெயரின் முதலெழுத்தை இரும்பிற் கீறினார். 1895இல் ‘பெண்’, ‘நாய்’ என்னும் துண்டுகளையும், 1897இல் ஏறத்தாழ 31 தொன் எடையுள்ள பெருந்துண்டையும் கப்பலேற்றினார். திமிங்கில வேட்டைக் கப்பல்களுடன் ஏற்பட்ட தொடர்பால் இரும்பு கிடைத்தமையால், அம்மக்களுக்கு விண்கல் வேண்டியிருக்கவில்லை என்பது அவர் கூறிய நியாயம். இதில் உண்மை உண்டு. எனினும், பயன்பாடு நின்றமை பிறருக்கு உடைமையுரிமை ஆகிவிடாது. 1909இல் அவை 40,000 டொலருக்கு நியூ யோர்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலைக்கு விற்கப்பட்டன. பயன்பெறுமானம் பரிமாற்றப் பெறுமானமாக மாறிய கதை இது; கல்லை அடித்தவர்களுக்கு அவ்விலையிற் பங்கில்லை.

1897இல் அதே கப்பலில் இனூகுவிற் மக்கள் அறுவரும் நியூ யோர்க்குக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சில மாதங்களுள் நால்வர் நோயால் மாண்டனர். அவர்களுள் ஒருவரான கிசுக்கின் மகன் மினிக் என்னும் சிறுவனுக்காகப் போலி நல்லடக்கம் ஒன்று நடத்தப்பட்டது. தந்தையின் எலும்புகளோ நூதனசாலையிற் சேகரிப்புப் பொருளாயின. தந்தையின் உடலை மீட்க மினிக் முயன்றும் பயன் கிட்டவில்லை. 1918இல் அமெரிக்காவிலேயே அவர் காலமானார். அந்நால்வரின் எச்சங்கள் 1993இலேயே கிறீன்லாந்துக்கு மீண்டு அடக்கம் செய்யப்பட்டன. விண்கல்லையும் மனிதனையும் ஒரே பட்டியலிற் பதிந்த அந்நோக்கே காலனித்துவ அறிவின் இயல்பை அம்பலப்படுத்துகின்றது.

இதனாற் சேகரிப்பும் ஆய்வும் தம்மளவிலே தீயன என்பதல்ல நம் வாதம். 1963இல் அப்பிரதேசத்தில் 20 தொன் எடையுள்ள மற்றொரு துண்டைக் கண்டறிந்த டென்மார்க் அறிஞர் வாக்ன் புக்வால்ட், விண்கல்லின் உள்ளமைப்பை மட்டுமன்றிக் கிறீன்லாந்து மக்களின் கருவிகளிலுள்ள இரும்பையும் ஆராய்ந்தார். பளிங்குக் கோலத்தில் எழுதப்பட்டிருப்பது சிறுகோளின் வரலாறு. செதில் பெயர்ந்த வடுக்களில் எழுதப்பட்டிருப்பது உழைப்பின் வரலாறு. முன்னதைப் படிக்கப் பழகிய விஞ்ஞானம் பின்னதையும் படித்தாலன்றி, தான் கையிலேந்தும் இரும்பை முழுமையாக அறிந்ததாகாது.