வேட்டை இறைச்சியும் கடைத்தெருவும்

ஐதராபாத்திலும் செகந்தராபாத்திலும் குடியேறி வாழும் தமிழர்களாகிய நமக்குப் 'பத்தர் கா கோஷ்த்' என்னும் உணவு புதிதன்று. காய்ந்த கருங்கல்லின்மேல் இறைச்சித் துண்டுகளை இட்டு வாட்டி எடுப்பது அது. ஆறாம் நிசாம் மீர் மஹபூப் அலி கான் வேட்டைக்குச் சென்றிருந்தபோது, கபாப் சுடும் கம்பியை மறந்து வந்த சமையற்காரர் ஒருவர் கல்லையே அடுப்பாக்கினார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ, பொய்யோ. வேட்டைக்களத்திற் பிறந்ததாகச் சொல்லப்படும் அவ்வுணவு இன்று ஆட்டிறைச்சியால்தான் ஆக்கப்படுகிறது. அதனை மானிறைச்சியால் ஆக்கி விற்பவர் சிறை செல்ல நேரும். இந்நிலை எவ்வாறு வந்தது? காட்டு விலங்கின் இறைச்சியை விற்கலாகாது என்பது முறைதானா? இவற்றையே ஈண்டு ஆராய்கிறோம்.

1869 முதல் 1911 வரை ஆண்ட மஹபூப் அலி கான் புலி வேட்டையிற் பெயர்பெற்றவர். 1902-இல் வைஸ்ராய் கர்சன் வாரங்கல்லை அடுத்த நெக்கொண்டாவில் வேட்டையாடினார். சுடப்பட்ட புலியின் அருகே அவரும் அவர் மனைவியும் நிற்கும் புகைப்படத்தை எடுத்தவர் நிசாமின் அவைப் புகைப்படக்காரரான லாலா தீன் தயாள். அந்நாளைய வேட்டைக் காடுகள் மன்னருக்கென ஒதுக்கப்பட்டவை. பிறர் அங்கே துப்பாக்கி எடுக்க இயலாது. விஜயவாடா நெடுஞ்சாலையில் செல்வோர் காணும் ஹரிண வனஸ்தலியும் ஒருகாலத்தில் நிசாமின் வேட்டை நிலமே. 1975-இல், மகாவீரர் நிர்வாணம் எய்திய 2500-ஆம் ஆண்டின் நினைவாக அவர் பெயரால் அது புகலிடமாக்கப்பட்டது. வெளிமான் கூட்டங்கள் இன்றும் அங்கே மேய்கின்றன.

இதனால் மன்னர் வேட்டையை நாம் போற்றுகிறோம் என்று எண்ணலாகாது. விற்காத வேட்டைக்காரனும் பெரும் பாழ் செய்ய வல்லவனே. நிசாமின் நாட்டை அடுத்த அகமதுநகர் மாவட்டத்தில், 1809 முதல் 1829 வரையில் மான்ஸ்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயர் ஒருவர் மட்டும் 961 கானமயில்களைச் சுட்டதாகக் குறிப்பு உள்ளது. இன்று இந்தியா முழுவதிலும் எஞ்சிய கானமயில்கள் இருநூற்றுக்கும் குறைவு. எனினும் ஒரு மனிதனின் ஆசைக்கு அவன் ஆயுள் ஓர் எல்லை. கடைத்தெருவின் பசிக்கோ எல்லை இல்லை.

அமெரிக்கர் இதனைப் பட்டறிந்தனர். கோடிக்கணக்கில் பறந்து திரிந்த பயணப் புறாக்களை வேடர்கள் சுட்டும் பிடித்தும் இரயில் வண்டிகளில் நகரச் சந்தைகளுக்கு அனுப்பினர். முறைகேடாகக் கொன்ற விலங்கை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசென்று விற்பதை 1900-இல் லேசி சட்டம் தடுத்தது. ஆனால் அது புறாவுக்குப் பயன்படவில்லை. இனத்தின் கடைசிப் பறவை 1914-இல் சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் இறந்தது.

நம் நாட்டிலும் சட்டம் முதலிற் கண்வைத்தது சந்தையின்மேல்தான். பிரிட்டிஷ் இந்தியாவின் 1887-ஆம் ஆண்டுச் சட்டம் காட்டில் நடக்கும் வேட்டையை விட்டுவிட்டு, நகராட்சிகளிலும் கண்டோன்மெண்டுகளிலும் இனப்பெருக்கக் காலத்துப் பறவைகளை விற்பதற்கே தடை விதித்தது. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் கொல்லுதல், விற்றல், வாங்குதல் யாவற்றையும் தடைக்காலத்திற்குள் அடக்கிற்று. ஐதராபாத் நிசாமின் தனி நாடாகையால் இவை அங்கே தாமாகச் செல்லவில்லை.

பின்னர் வந்தது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதனை இயற்றுமாறு பாராளுமன்றத்தை வேண்டித் தீர்மானம் நிறைவேற்றிய பதினொரு மாநிலங்களுள் ஆந்திரப் பிரதேசமும் ஒன்று. தமிழ்நாடு அவற்றுள் இல்லை. பின்னரே சட்டத்தை ஏற்றது. வியப்பு யாதெனில், அச்சட்டமும் இறைச்சி வாணிகத்தை முதலில் அடியோடு ஒழிக்கவில்லை. காட்டு இறைச்சியை விற்பவரும், உணவுச்சாலையில் சமைத்துப் பரிமாறுபவரும் உரிமம் பெறவேண்டும் என்றே விதித்தது. விடுதி வாடகையோடு சேர்த்து உணவுக்குப் பணம் பெறும் சூழ்ச்சியையும் எண்ணி, அதுவும் உணவுச்சாலையே என்று விளக்கம் எழுதினர்! 1986-இலும் 1991-இலும் வந்த திருத்தங்களே வாயிலை ஏறக்குறைய முற்றிலும் அடைத்தன.

அந்த 1991-இலேயே தென்னாப்பிரிக்கா நேர்மாறான வழியிற் சென்றது. வேலியிட்ட பண்ணையிலுள்ள காட்டு விலங்கு பண்ணைக்காரனின் உடைமை என்று சட்டம் செய்தது. அங்கே மானிறைச்சி கடையில் விற்கிறது. இங்கிலாந்திலும் 1755-இல் விதித்த விற்பனைத் தடை கள்ள வேட்டையையே வளர்த்தது என்று கண்டு, 1831-இல் உரிமத்தோடு விற்க இசைந்தனர். விற்பனை வேண்டுவோர் இவற்றையே சான்று காட்டுகின்றனர். வலிய சான்றுகள்தாம், ஆனால் அவ்விடங்களில் விலங்கைக் காக்க நிலத்துக்குரியவன் ஒருவன் இருக்கிறான். நல்லமலைக் காட்டுப் புள்ளிமானுக்கு அப்படி யார் இருக்கிறார்?

அக்காட்டில் வாழும் செஞ்சுக்கள் வில்லேந்தி வேட்டையாடிய பழங்குடியினர். அவர்களைப் பற்றி ஃபியூரர்-ஹைமண்டார்ஃப் எழுதிய நூல் 1943-இல் வெளிவந்தது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழைய உரிமைகள் பலவற்றை வழங்கியும், வேட்டையை மட்டும் விலக்கிவிட்டது. விளைச்சலை அழிக்கும் காட்டுப்பன்றியைக் கொல்ல, கேரளம் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் அளித்தது. தெலங்கானாவிலும் ஊர்த்தலைவர்கள் அவ்வாறு இசைவு தரலாம். ஆனால் கொன்ற பன்றி அரசுடைமை; அதனைப் புதைக்க வேண்டும், அல்லது எரிக்க வேண்டும். பயிரை இழந்த உழவன் கண்முன்னே அது எரிவது கொடுமை என்றே நாம் கருதுகிறோம். ஊரார் பகிர்ந்துண்ண விடுவதால் காடு அழிந்துபோகாது. ஆனால் அதே இறைச்சி வண்டியேறி நகருக்கு வரலாமா என்றால், கூடாது என்பதே நம் கருத்து. உண்பது வேறு, விற்பது வேறு. இவ்வேறுபாட்டைச் சட்டம் காணவில்லை.

காடை வாணிகம் நாம் நன்கு அறிந்தது. பண்ணையில் வளர்வது ஜப்பானியக் காடை. 1974-இல் இந்தியாவுக்கு வந்தது. 2011-இல் புதிய பண்ணைகளுக்கு உரிமம் வழங்கலாகாதென மைய அரசு சொன்னபோது தமிழ்நாட்டுப் பண்ணையாளர் கலங்கினர். பின்னர் அப்பறவைக்கு விலக்கு அளிக்கப்பட்டது. எனினும் இறகு நீக்கி மசாலை தடவிய பின், பண்ணைக் காடையையும் வலையிற் பட்ட காட்டுக் காடையையும் பிரித்தறிய நம்மால் இயலுமா? மானிறைச்சியை ஆட்டிறைச்சி என்று விற்றாலும் நாம் அறியோம். உரிமமுள்ள கடை ஒன்று இருந்தால், உரிமமற்ற இறைச்சிக்கு அதுவே திரையாகிவிடும்.

அவ்வேறுபாட்டை அறியும் வழியும் ஐதராபாத்திலேயே பிறந்தது. உயிரணு மூலக்கூற்று உயிரியல் மையத்தின் லால்ஜி சிங்கும் உடன் ஆய்வாளரும், சிறு துண்டிலுள்ள மரபணுவைக் கொண்டே அது எவ்விலங்கின் தசை என்று காணும் முறையை 2003-இல் வெளியிட்டனர். கைப்பற்றிய இறைச்சி பல மாநிலங்களிலிருந்து அந்நகரின் ஆய்வுக்கூடத்துக்கு வருகிறது. அங்கே வெளிமானா வெள்ளாடா என்று சொல்லிவிடுகிறார்கள்.