உருக்கியது போக மிஞ்சிய டாலர்கள்

1962 வரை அமெரிக்க வெள்ளி டாலர் சேகரித்தவர்கள் பெரும்பாலும் பெயரளவில் மட்டுமே அறிந்திருந்த காசு ஒன்று உண்டு. நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலை 1903இல் அடித்த மார்கன் டாலர் அது. புழங்காத காசுக்கு 1,500 டாலர் என்று விலைப் புத்தகம் போட்டிருந்தது. 1962இன் கடைசியில், கிறிஸ்துமஸ் பரிசுக்காக வங்கிகள் வெள்ளி டாலர் கேட்டன. கருவூலத்தார் ஃபிலடெல்ஃபியாவில் நெடுங்காலம் பூட்டிக் கிடந்த ஓர் அறையைத் திறந்தார்கள். உள்ளே மூட்டை மூட்டையாக அதே 1903 டாலர்! ஒரு டாலர் கொடுத்தால் ஒரு காசு என்று வங்கிகள் வழியே அவை வெளியே வந்தன. 1,500 டாலர் விலை சில பத்து டாலர்களுக்கு இறங்கியது.

கணக்கேட்டின்படி அந்தக் காசு 44,50,000 அடிக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ அத்தனையும் உருக்கு உலைக்குப் போய்விட்டன என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். வெள்ளி டாலர் சேகரிக்க வருகிறவர் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதில்தான் இருக்கிறது. எத்தனை அடித்தார்கள் என்பதைவிட எத்தனை மிஞ்சின, எப்படி மிஞ்சின என்பதே ஒரு காசின் விலையைத் தீர்மானிக்கிறது.

அமெரிக்காவின் முதல் வெள்ளி டாலர் 1794இல் வந்தது. வெளியானவை 1,758 மட்டுமே. அவற்றுள் ஒன்று 2013இல் ஒரு கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. ஆனால் சாதாரண மனிதர் கைக்கு எட்டும் சேகரிப்பு 1878இல்தான் தொடங்குகிறது. நெவாடாவின் காம்ஸ்டாக் சுரங்கங்களில் 1859 முதல் வெள்ளி கொட்டிக் கிடந்தது. 1873ஆம் ஆண்டுச் சட்டமோ வழக்கமான வெள்ளி டாலர் அடிப்பதையே நிறுத்திவிட்டது. சுரங்க முதலாளிகளும் கடனில் தவித்த உழவர்களும் கொதித்தெழுந்தார்கள். அதன் விளைவுதான் 1878இன் பிளாண்ட்-அலிசன் சட்டம். குடியரசுத் தலைவர் ஹேய்ஸ் மறுத்தும், அதை மீறி நாடாளுமன்றம் நிறைவேற்றியது. மாதந்தோறும் 20 முதல் 40 லட்சம் டாலருக்கு அரசு வெள்ளி வாங்கி நாணயமாக்கியே தீர வேண்டும் என்றது சட்டம்.

இங்கிலாந்திலிருந்து வந்த செதுக்குநர் ஜார்ஜ் மார்கன், ஃபிலடெல்ஃபியா ஆசிரியை அன்னா வில்லியம்ஸின் முகத்தை மாதிரியாகக் கொண்டு சுதந்திர தேவியை வடித்தார். 26.73 கிராம் எடை, 90 சதவீத வெள்ளி. அழகான காசுதான். ஆனால் சட்டைப்பையில் சுமக்க யாரும் விரும்பவில்லை. அதற்கு ஈடான காகிதச் சான்றிதழ்களே சந்தையில் ஓடின. அச்சிலிருந்து விழுந்த டாலர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கித்தான் பைகளில் கட்டப்பட்டு நிலவறைகளில் அடுக்கப்பட்டன.

அந்த நிலவறைகளைக் காலி செய்ததில் இந்தியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. முதல் உலகப் போரின்போது இந்தியாவில் வெள்ளி ரூபாய்க்குத் தட்டுப்பாடு முற்றியது. படைச் செலவும் போர்ச் சரக்குக் கொள்முதலும் பெருக, மக்கள் வெள்ளியை வெளியே விடாமல் வைத்துக்கொண்டார்கள். 1917 நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய்க்கே காகித நோட்டு வெளியிட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் நோட்டைக் கொடுத்து வெள்ளி கேட்டவர்கள் பம்பாயில் முண்டியடித்தார்கள். கொடுக்க வெள்ளி இல்லையென்றால் நோட்டின் மீதான நம்பிக்கையே போய்விடும் என்று அஞ்சிய பிரிட்டன், அமெரிக்காவின் உதவியை நாடியது. 1918 ஏப்ரல் 23 அன்று பிட்மன் சட்டம் பிறந்தது. அதன்படி உருக்கப்பட்ட டாலர்கள் 27,02,32,722. அவற்றுள் ஏறத்தாழ 25.9 கோடி டாலரின் வெள்ளி, அவுன்ஸ் ஒரு டாலர் விலையில் பிரிட்டனுக்கு விற்கப்பட்டு இந்தியாவுக்குக் கப்பலேறியது.

ஒரு டாலரில் இருந்த வெள்ளியைக் கொண்டு இரண்டேகால் ரூபாய் அடிக்கலாம். நம் பாட்டிமார்கள் பெட்டியில் பத்திரப்படுத்திய ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களில் 1918, 1919 என்று பொறித்தவை இருந்தால், அவற்றின் வெள்ளி ஒரு காலத்தில் மார்கன் டாலராக இருந்திருக்கக்கூடும்.

உருக்கியவர்கள் எந்த ஆண்டு, எந்த ஊர்க் காசு என்று குறித்து வைக்கவில்லை. சேகரிப்போரின் குழப்பம் அத்தனைக்கும் வேர் இதுதான். 1895இல் ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலை 12,000 புழக்கக் காசு அடித்ததாக ஏடு சொல்கிறது. இன்றுவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சேகரிப்போருக்கென்று தனியாக அடித்த 880 மட்டுமே அந்த ஆண்டின் சாட்சி.

உருக்கியதை ஈடுகட்ட 1921இல் மார்கன் டாலர் மீண்டும் அச்சேறியது. அதே ஆண்டு டிசம்பரில் அந்தோணி டி ஃப்ரான்சிஸ்கி வடித்த அமைதி டாலரும் வந்தது. பிறகு மூட்டைகள் மறுபடி உறங்கின. 1962இல் கதவு திறந்ததும் வாஷிங்டனில் கருவூல வாசலில் கைவண்டியோடு வரிசை நின்றது. 1964 மார்ச்சில் அரசு நிறுத்திப் பார்த்தபோது எஞ்சியவை ஏறக்குறைய 30 லட்சம்.

மூட்டைகள் காசுகளைக் காப்பாற்றின, காயப்படுத்தவும் செய்தன. தூக்கி எறியும்போதெல்லாம் கனமான டாலர்கள் ஒன்றோடொன்று மோதின. ஒருவர் கையும் படாத காசின் கன்னத்திலும் வெட்டுக்காயங்கள் விழுந்தன. ஆகவே ‘புழங்காதது’ என்ற ஒரே சொல் போதவில்லை. புழங்காதவற்றுக்குள்ளேயே நல்லது, மிக நல்லது என்று பிரிக்க வேண்டியதாயிற்று. அளவுகோல் வேறிடத்திலிருந்து வந்தது. பழைய செப்புச் சென்ட் காசுகளுக்காக வில்லியம் ஷெல்டன் 1949இல் வெளியிட்ட நூலில் 1 முதல் 70 வரை தர எண்கள் கொடுத்திருந்தார். அமெரிக்க நாணயவியல் சங்கம் 1977இல் தர நெறிகளை நூலாக்கியபோது அந்த எண்களே எல்லாக் காசுக்கும் பொதுவாயின. 60 முதல் 70 வரை புழங்காதவை. எம்எஸ் (மின்ட் ஸ்டேட்) 63, எம்எஸ் 65 என்று எழுதுவது இந்த வழியில்தான்.

எண் வந்தும் சண்டை ஓயவில்லை. வாங்கும்போது 63 என்ற வியாபாரி விற்கும்போது 65 என்றார். இரண்டுக்கும் இடையில் விலை பல மடங்கு. இந்த அநியாயத்துக்கு விடையாகத்தான் டேவிட் ஹாலும் கூட்டாளிகளும் தொடங்கிய பிசிஜிஎஸ் என்ற தர நிர்ணய நிறுவனம் 1986இல் கலிஃபோர்னியாவில் வேலையை ஆரம்பித்தது. அடுத்த ஆண்டு என்ஜிசி என்ற இன்னொரு நிறுவனம் வந்தது. காசு யாருடையது என்று தெரியாமல் நிபுணர்கள் தனித்தனியே பார்த்து எண் கொடுப்பார்கள். பிறகு காசு பிளாஸ்டிக் உறையில் மூடி முத்திரையிடப்படும். ‘ஸ்லாப்’ என்பது அந்த உறைக்குச் சேகரிப்போர் வைத்த பெயர். பார்க்காமலே வாங்கலாம் என்ற துணிச்சலில் வால் ஸ்ட்ரீட் பணமும் உள்ளே பாய்ந்தது. 1989இல் உச்சம் தொட்ட விலைகள் அடுத்த ஆண்டே நொறுங்கின. காசைப் பார்க்காமல் எண்ணை மட்டும் வாங்கியவர்களுக்கே பெருநட்டம்.

புதிதாக வருகிறவர் கண்ணைப் பழக்குவதற்கே முதல் பணத்தைச் செலவிட வேண்டும். நாலரைக் கோடி அளவில் அடித்த 1921 ஃபிலடெல்ஃபியா மார்கன் அதற்கு மலிவான துணை. காதுக்கு மேலுள்ள கூந்தலிலும் கழுகின் மார்பிலும்தான் தேய்மானம் முதலில் தெரியும். ஆனால் நியூ ஆர்லியன்ஸ் காசுகளில் அந்த இடங்கள் அச்சிலேயே மழுங்கி விழுந்திருக்கும். அதைத் தேய்மானமென்று தள்ளிவிடக் கூடாது. சான் ஃபிரான்சிஸ்கோவின் 1881 காசு கூர்மையான அச்சுக்குப் பேர்போனது, ஏராளமாகவும் கிடைக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பாதி வித்தை கைவந்துவிடும். காசைத் துலக்கவே கூடாது. வெள்ளிச் சாமான்களைத் திருநீறு போட்டுத் தேய்த்துப் பழகிய வீட்டாருக்கு இது கடினமாகத் தோன்றலாம். ஆனால் துலக்கிய காசுக்குத் தர நிர்ணய நிறுவனங்கள் முழுத் தர எண் தருவதில்லை.

கழுகின் கீழே, மாலைக்கு அடியில் இருக்கும், எந்த நாணயச்சாலை என்று காட்டும் சிறு எழுத்தையும் உருப்பெருக்கியில் பார்த்தே ஆக வேண்டும். கார்சன் சிட்டி நாணயச்சாலை 1889இல் அடித்தது மூன்றரை லட்சமே என்பதால், சாதாரணக் காசில் ‘சிசி’ எழுத்தை ஒட்டவைத்து ஏமாற்றுவோர் உண்டு. விலை உயர்ந்த ஆண்டுகளை ஸ்லாப் இல்லாமல் வாங்காமலிருப்பதே நலம்.

1964இல் எஞ்சிய 30 லட்சத்தில் பெரும்பகுதி கார்சன் சிட்டியில் அடித்த டாலர்கள்தான். அரசு அவற்றைக் கடினப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, கறுப்புப் பெட்டியில் வைத்து, 1972 முதல் 1980 வரை அஞ்சல் வழியே பொதுமக்களுக்கு விற்றது. உறை கலையாத பெட்டிகள் இன்றும் சந்தைக்கு வருகின்றன. என்ஜிசி அவற்றைத் திறப்பதில்லை. உள்ளேயிருக்கும் காசை வெளியிலிருந்தே சோதித்து, தர எண் அச்சிட்ட பட்டையை அரசு உறையின் மேல் சுற்றித் திருப்பி அனுப்புகிறது.