ஜான் டி. ஆர்ச்போல்ட்

ஜான் டஸ்டின் ஆர்ச்போல்ட் (1848–1916) அமெரிக்க எண்ணெய்த் தொழிலின் தொடக்ககால நிர்வாகிகளுள் ஒருவர். ஸ்டாண்டர்ட் ஆயில் என்றதும் ராக்ஃபெல்லர் பெயர்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1890களின் பிற்பகுதியில் அவர் ஒதுங்கிக்கொண்ட பிறகு, துணைத் தலைவர் என்ற பெயரில் நிறுவனத்தை நடத்தியவர் இவரே.

ஒகாயோ மாநிலம் லீஸ்பர்கில் மெதடிஸ்ட் போதகரின் மகனாகப் பிறந்தார். பதின்பருவத்திலேயே பென்சில்வேனியாவின் எண்ணெய் நகரான டைட்டஸ்வில்லுக்குப் பிழைக்க வந்தார். விடுதிப் பதிவேட்டில் தன் பெயரை அடுத்து 'பீப்பாய் 4 டாலர்' என்றும் எழுதிவைப்பாராம். ராக்ஃபெல்லரின் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கையெழுத்துதான் என்பார்கள்.

1872இல் ரயில் நிறுவனங்களும் ராக்ஃபெல்லர் தரப்பும் ஒரு ரகசிய ஒப்பந்தம் போட்டன. சவுத் இம்ப்ரூவ்மென்ட் கம்பெனி என்ற அந்த ஏற்பாட்டில் சேர்ந்தவர்களுக்குச் சரக்குக் கட்டணத்தில் கழிவு உண்டு. போட்டியாளர் கட்டும் கூடுதல் கட்டணத்திலும் ஒரு பங்கு அவர்களுக்கே போகும். விஷயம் வெளியானதும் எண்ணெய் வட்டாரமே கொதித்தது. மேடைகளில் கடுமையாகச் சாடியவர்களுள் ஆர்ச்போல்ட் முன்னணியில் இருந்தார். திட்டம் அப்போதைக்குக் கைவிடப்பட்டது.

மூன்றே ஆண்டுகளில் அவர் எதிர்த்தரப்பில் இருந்தார். 1875இல் உருவான ஆக்மி ஆயில் கம்பெனியின் பெயரில், ஸ்டாண்டர்டுக்காகச் சிறு சுத்திகரிப்பு ஆலைகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். விற்றவர்கள் பலர் நேற்றுவரை தோளோடு தோள் நின்றவர்கள். ஊர்க்காரர்கள் துரோகி என்றதில் வியப்பில்லை. ஆனால் அவர்களின் கஷ்டநஷ்டம் தெரிந்த இவரைவிடப் பொருத்தமான ஆள் ராக்ஃபெல்லருக்குக் கிடைத்திருக்க முடியாது.

ஆர்ச்போல்டின் எல்லாக் கணிப்பும் பலித்துவிடவில்லை. பென்சில்வேனியக் கிணறுகள் வற்றிவிடும் என்ற பேச்சு கிளம்பிய 1880களில், தன் பங்குகளில் சிலவற்றை நட்டத்துக்கு விற்றார். ஓக்லஹோமாவில் எண்ணெய் தென்படுகிறது என்றபோது, மிசிசிப்பிக்கு மேற்கே கிடைப்பதையெல்லாம் நானே குடித்துவிடுகிறேன் என்றாராம்.

1908 தேர்தல் காலத்தில், அவருடைய அலுவலகத்திலிருந்து ஊழியர்கள் திருடி விற்ற கடிதங்களைப் பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்ட் மேடையில் வாசித்தார். ஒகாயோ செனட்டர் ஃபோரேக்கருக்கு ஆயிரக்கணக்கில் டாலர் அனுப்பியதும், பிடிக்காத மசோதாக்களைக் கவனிக்கச் சொன்னதும் அவற்றில் இருந்தன. செனட்டரின் அரசியல் வாழ்வு அத்தோடு முடிந்தது. அனுப்பியவரின் பதவிக்கு ஆபத்து வரவில்லை. 1911 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஸ்டாண்டர்டை 34 நிறுவனங்களாக உடைத்தபோது, அவற்றில் மிகப் பெரிதான நியூ ஜெர்சி ஸ்டாண்டர்டின் தலைவரானார். 1916 டிசம்பர் 5 அன்று டாரிடவுனில் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார்.

சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்குப் பெருங்கொடை அளித்தவர். புதுக் கினியில் உயிரியல் ஆய்வுப் பயணங்கள் நடத்திய ரிச்சர்ட் ஆர்ச்போல்ட் இவருடைய பேரன்.