ஏவல் வினை: இலக்கணத்திலிருந்து கிள்ளான் தோட்டம் வரை

இவ்வுரையில் நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது: 'வா', 'செய்', 'நட' என ஒருவரை ஒன்று செய்யச் சொல்லும் உடன்பாட்டு ஏவல் வினை.

தமிழில் ஒருவரை நோக்கிய ஏவலுக்குப் பெரும்பாலும் விகுதி வேண்டுவதில்லை; வினைப்பகுதியே ஏவலாக நிற்கும். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் இயற்றிய பவணந்தியார், வினைப்பகுதிகளுக்கு வாய்பாடு வகுக்கையில் 'நட', 'வா' முதலிய 23 ஏவற் சொற்களையே அடுக்கினார். தமிழ் வினையின் வேரைத் தேடிச் சென்றால் நம் கையில் அகப்படுவது ஒரு கட்டளை. இதை இகழ்ச்சியாகக் கொள்ள வேண்டா. தாயையும் தெய்வத்தையும் நாம் 'வா' என்றுதானே அழைக்கிறோம்!

பலரை ஏவப் பழந்தமிழ் 'மின்' விகுதியைக் கொண்டது: கேண்மின், வம்மின். பின்னர் 'உம்' பரவியது: வாரும், செய்யும். அது ஒருவரையே மதித்துச் சொல்லவும் பயன்பட்டது. பன்மை மீண்டும் தேவைப்படவே 'கள்' சேர்ந்தது. வாருங்கள், செய்யுங்கள் பிறந்தன. மரியாதை அதனையும் பற்றிக்கொண்டது. இன்று பெரியவர் ஒருவரையும் 'வாருங்கள்' என்கிறோம். மரியாதை வேண்டுமிடத்தில் முன்னிலை ஒருமையைத் தவிர்ப்பது பிற மொழிகளிலும் உண்டு. ஸ்பானிய மொழியில் நண்பனிடம் 'ஆப்லா' (பேசு) என்பர். மதிப்புக்குரியவரிடம் 'ஆப்லே' என்பர். பின்னது படர்க்கை வடிவம். நம் 'வருக' என்னும் வியங்கோளுக்கு ஒருவாறு அண்மையது.

மலாயாவுக்கு இவ்வடிவங்கள் அனைத்தும் ஒரே தட்டில் வந்து சேரவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பித் தோட்டங்கள் நலிந்தபின் துரைமார் பலர் இங்கு வந்தனர்; அவர்களோடு அங்குப் பழகிய தோட்டத் தமிழும் வந்தது. கொழும்பில் இளந்துரைமாருக்கென அச்சிடப்பட்ட தமிழ்க் கையேடு ஒன்றின் பெயரே 'இங்கே வா'. அவ்வொரு பெயரே போதும்! பிரட்டுக் களத்தில் நின்ற தொழிலாளர் முதியவரேயாயினும் அவரை நோக்கி எழுந்த சொல் பெரும்பாலும் 'வா', 'போ' என்பதே. இலக்கணத்தில் வேராக நின்ற வடிவம் இங்கே படிநிலையின் அடையாளமாயிற்று. வடிவம் குற்றமற்றது, திருப்பிச் சொல்ல இயலாமைதான் அதனை இழிவாக்கியது. துரையை நோக்கி 'வா' எனத் தொழிலாளி சொல்ல முடியுமா?

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியபோது, கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அதில் முன்னின்றார். கூலி உயர்வோடு தொழிலாளர் முன்வைத்த ஒரு கோரிக்கையை நாம் இங்கே நினைவுகூர வேண்டும்: துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் கட்டாயம் நீங்க வேண்டும் என்பது அது. நாதன் கைதானார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். அவர்கள் கேட்டது விகுதியை அன்று என்பது உண்மையே. ஆயினும் வண்டியிலிருந்து இறங்கும் உடலும் விகுதியின்றி ஏவப்படும் பெயரும் ஒரே ஒழுங்கின் இரு பக்கங்கள் என நாம் கருதுகிறோம்.

இன்று பிரிக்பீல்ட்ஸ் கடைவாசலிலும் கிள்ளான் லிட்டில் இந்தியாவிலும் முன்பின் அறியாதவரை வரவேற்கும் சொல் 'வாங்க'. 'உம்'மும் 'கள்'ளும் தேய்ந்து ஒட்டிய எச்சம் அந்த 'ங்க'. பேச்சின் வேகத்தில் சிலர் அதன்மேல் மலாய் 'லா'வையும் ஏற்றி, 'வாங்கலா' என்பர்.