நார்ட்டன் யுட்டிலிட்டீஸ்

நார்ட்டன் யுட்டிலிட்டீஸ் என்பது வட்டுப் பராமரிப்புக்கும் தரவு மீட்புக்கும் உருவான தொடக்ககால மென்பொருள் தொகுப்புகளுள் ஒன்று. அமெரிக்க நிரலாளர் பீட்டர் நார்ட்டன் 1982இல் இதை ஐபிஎம் தனிக்கணினிகளுக்காக வெளியிட்டார்.

பின்னணி

அக்கால டாஸ் இயக்குதளத்தில், தவறுதலாக நீக்கிய கோப்பைத் திரும்பப் பெறும் கட்டளை இல்லை. ஆனால், நீக்கும்போது டாஸ் கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை. கோப்புப் பெயரின் முதல் எழுத்துக்குப் பதிலாக ஒரு குறியீட்டை இட்டு, அக்கோப்பு இருந்த இடத்தைக் காலியிடம் என்று குறித்துக்கொள்ளும். நூலகப் பட்டியலில் பெயரை அடித்துவிட்டாலும் புத்தகம் அலமாரியிலேயே இருப்பதைப் போன்றது இது. புதிய தரவு அவ்விடத்தில் எழுதப்படும்வரை பழையது அழியாது. தொகுப்பிலிருந்த 'அன்இரேஸ்' நிரல் இதைப் பயன்படுத்தியே கோப்புகளை மீட்டது.

கோப்பு வட்டில் பல துண்டுகளாகச் சிதறியிருந்தால், அவற்றின் வரிசை தெரியாமல் மீட்பு கடினமாகும். பின்னர் சேர்க்கப்பட்ட 'ஸ்பீடு டிஸ்க்' துண்டுகளை அடுத்தடுத்து அடுக்கியது. இதனால் வட்டின் வேகம் கூடியதுடன், பின்னாளில் நீக்கப்படும் கோப்பை மீட்பதும் எளிதாயிற்று.

பிற்கால வளர்ச்சி

1990இல் சைமன்டெக் நிறுவனம் நார்ட்டனின் நிறுவனத்தை வாங்கியது. 1991இல் வந்த எம்எஸ்-டாஸ் 5.0 பதிப்பிலேயே 'அன்டெலீட்' கட்டளை இடம்பெற்றது.

இன்றைய எஸ்எஸ்டி சேமிப்பகங்களில் 'டிரிம்' கட்டளை செயல்பட்டால், நீக்கிய தரவு விரைவில் உண்மையாகவே அழிந்துவிடக்கூடும். ஆகவே, மீட்பு மென்பொருளை நம்பியிராமல் முன்கூட்டியே காப்புப்படி எடுத்து வைப்பது இன்று மேலும் தேவையாகிறது.