மருந்துக்கு முன்பே பிறந்த எதிர்ப்பு

ஆன்டிபயாடிக் கொடுத்தும் கிருமி சாகவில்லை என்ற செய்தியை இப்போதெல்லாம் அடிக்கடி படிக்கிறோம். இது நம் காலத்தில் புதிதாக வந்த சிக்கல் என்றே பலரும் நினைக்கிறார்கள். பெனிசிலினின் வரலாற்றைப் பார்த்தால் அப்படியில்லை என்பது விளங்கும்.

1928 செப்டம்பரில், லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில், அலெக்சாண்டர் ஃபிளெமிங் ஸ்டெபைலோகாக்கஸ் பாக்டீரியாவை வளர்த்துவந்த தட்டு ஒன்றில் பூஞ்சை படிந்திருந்தது. அதைச் சுற்றியிருந்த பாக்டீரியாக்கள் அழிந்துபோயிருந்தன. அந்தப் பூஞ்சை சுரந்த பொருள்தான் பெனிசிலின். பாக்டீரியாவைத் தன் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுத்து அது கொல்கிறது.

அதை மருந்தாக்கியவர்கள் ஆக்ஸ்போர்டில் இருந்த ஃப்ளோரி, செயின் குழுவினர். 1940 டிசம்பரில் இக்குழுவின் ஆபிரகாமும் செயினும் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார்கள். பெனிசிலினையே சிதைத்துவிடும் நொதி ஒன்று பாக்டீரியாவில் இருக்கிறது என்பதே அதன் செய்தி. நோயாளி ஒருவருக்கு அவர்கள் பெனிசிலின் சிகிச்சை தொடங்கியதோ 1941 பிப்ரவரியில்தான். பூட்டு கடைக்கு வருமுன்பே கள்ளச்சாவி தயார்!

1945 டிசம்பரில், நோபல் பரிசு உரையில் ஃபிளெமிங் ஒரு கற்பனைக் கதை சொன்னார். ஒருவர் தொண்டை வலிக்குத் தானாகவே பெனிசிலின் வாங்கி, போதாத அளவில் எடுத்துக்கொள்கிறார். கிருமி சாகாமல் மருந்தை எதிர்க்கப் பழகுகிறது. பிறகு அது மனைவிக்குத் தொற்றி நிமோனியா ஆகிறது. இப்போது பெனிசிலின் பலிக்கவில்லை, மனைவி இறக்கிறார்.

இங்கே "பழகுகிறது" என்பதைச் சற்று விளக்க வேண்டும். தனி ஒரு பாக்டீரியா பாடம் கற்பதில்லை. மருந்து எளிதில் சாகக்கூடியவற்றைக் கொன்றுவிடுகிறது. எதிர்ப்புள்ள சில மட்டும் தப்பிப் பெருகுகின்றன.

எச்சரிக்கை பலிக்க அதிக நாள் ஆகவில்லை. 1948-இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் மேரி பார்பர் சோதித்த ஸ்டெபைலோகாக்கஸ்களில் பாதிக்கும் மேல் பெனிசிலினுக்கு அடங்காதவை. அந்த நொதிக்கு மசியாத மெதிசிலின் 1960-இல் பயன்பாட்டுக்கு வந்தது. 1961-இலேயே அதையும் எதிர்க்கும் வகையைப் பாட்ரீஷியா ஜெவன்ஸ் அறிவித்தார்.

இவ்வளவு விரைவாக எப்படி? பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் இயற்கையில் நெடுங்காலமாகப் போரிட்டு வருகின்றன. ஐரோப்பிய முள்ளெலிகளின் தோலில் வாழும் ஒரு பூஞ்சை பெனிசிலின் போன்ற பொருளைச் சுரக்கிறது. அங்கே உடன்வாழும் ஸ்டெபைலோகாக்கஸில் மெதிசிலின் எதிர்ப்பு 1800-களின் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டதாக 2022-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டுகிறது.

ஆக, எதிர்ப்பைப் படைத்தவர்கள் நாமல்ல. ஆனால் அதைப் பொறுக்கி எடுத்து ஊரெங்கும் வளர்த்தவர்கள் நாம்தான். 2019-இல் மட்டும் மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்களால் நேரடியாக சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இந்தியாவில் 2014 முதல், எச்1 அட்டவணையில் சேர்க்கப்பட்ட ஆன்டிபயாடிக்குகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது. விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும்.

சட்டம் கடையோடு நின்றுவிடும். சளிக்குக் காரணமான வைரஸை ஆன்டிபயாடிக் கொல்லாது என்று தெரிந்துகொள்வதும், மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை மாத்திரையை எடுத்துக்கொள்வதும் நம் கையில்தான் இருக்கிறது. ஃபிளெமிங்கின் கதையில் வந்த அந்த மனிதர் கெட்டவர் அல்ல, நம்மைப் போன்றவர்தான்!