நாளைய வெற்றியை அடகு வைத்த கழகங்கள்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது எமது முன்னோர் சொல்லி வைத்த பாடம். உதைபந்தாட்டத்தில் பெருமளவு பணம் புழங்கும் நாடாகிய இங்கிலாந்தில், இந்தப் பாடத்தைக் கற்க மறுத்த கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வங்குரோத்து நிலையைச் சந்தித்து வந்துள்ளன. 1992 ஆம் ஆண்டில் பிறீமியர் லீக் ஆரம்பமான பின்னர், தொலைக்காட்சி ஒளிபரப்பு உரிமை மூலம் கிடைத்த வருமானம் பன்மடங்காகப் பெருகியது. வருமானம் பெருகிய அதே காலப்பகுதியிலேயே கடனும் பெருகியது என்பதுதான் கவனத்திற்குரியது. அக்கழகங்களின் ஆட்டங்களை நள்ளிரவு வரை விழித்திருந்து பார்க்கும் இளைஞர்கள் எமது பகுதிகளிலும் பலர் உள்ளனர். மைதானத்தில் நடப்பதை அறிந்த அளவுக்கு, கணக்கேட்டில் நடந்ததை அவர்கள் அறிந்திருப்பது அரிது. எனவே இதனைச் சற்று விரிவாக நோக்குவது பொருத்தமாகும் எனக் கருதுகின்றோம்.

தொழில்முறைக் கழகமொன்றின் வருமானம் பிரதானமாக மூன்று வழிகளில் கிடைக்கின்றது. நுழைவுச்சீட்டு விற்பனை, ஒளிபரப்பு உரிமை, அனுசரணையும் ஏனைய வர்த்தகமும் என்பனவே அவை. செலவில் பெரும்பகுதி வீரர்களின் சம்பளமாகும். வருமானம் அணியின் வெற்றி தோல்வியைப் பொறுத்து ஏறி இறங்கும். ஆனால், வீரர்களுடனான ஒப்பந்தங்கள் பல வருடங்களுக்கு எழுதப்படுகின்றன. வேறு கழகங்களிலிருந்து வாங்கப்பட்ட வீரர்களுக்கான விலையும் பெரும்பாலும் தவணைகளாகவே செலுத்தப்படுகின்றது. எனவே, ஒரே மாலைப்பொழுதின் தோல்வியினால் வருமானம் சரிந்துவிடலாம். செலவோ அப்படியே தொடர்ந்து நிற்கும். இந்த இடைவெளியில்தான் கழகங்கள் வீழ்ந்து போகின்றன.

இதற்குச் சிறந்த உதாரணம் லீட்ஸ் யுனைட்டட் கழகமாகும். பீட்டர் றிட்ஸ்டேலின் தலைமையில் அக்கழகம் பெருந்தொகையைச் செலவிட்டு வீரர்களைத் திரட்டியது. 2000 ஆம் ஆண்டு நவம்பரில் றியோ பேர்டினன்ட் என்ற தடுப்பாட்ட வீரர் மட்டும் 18 மில்லியன் பவுணுக்கு வாங்கப்பட்டார். 2001 ஆம் ஆண்டில் ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் போட்டியின் அரையிறுதி வரை அணி முன்னேறியது. ஆயினும், அப்பருவகாலத்தில் உள்நாட்டுத் தொடரில் நான்காம் இடமே கிடைத்தது. அக்காலத்தில் முதல் மூன்று இடங்களைப் பெறும் கழகங்களே அடுத்த வருட சம்பியன்ஸ் லீக்கிற்குத் தகுதி பெற்றன. எதிர்பார்த்த வருமானம் இவ்வாறு கைநழுவிய பின்னரும் செலவு குறைக்கப்படவில்லை. மாறாக, எதிர்காலத்தில் விற்கவிருந்த நுழைவுச்சீட்டுகளின் வருமானத்தைப் பிணையாக வைத்து, 25 வருடங்களில் திருப்பிச் செலுத்தும் வகையில் 60 மில்லியன் பவுண் கடன் பெறப்பட்டது. அதாவது, அன்று பாடசாலை செல்லாத குழந்தைகள் வளர்ந்து வாங்கவிருந்த நுழைவுச்சீட்டும் அன்றே அடகு வைக்கப்பட்டது.

அதன் பின்னர் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. 2002 இல் அணி ஐந்தாம் இடத்தையே பெற்றது. அதே வருடத்தில் பேர்டினன்ட் மன்செஸ்டர் யுனைட்டட்டுக்கு விற்கப்பட்டார். ஏனைய முன்னணி வீரர்களும் ஒருவர் பின் ஒருவராக விற்கப்பட்டனர். 2003 மார்ச்சில் றிட்ஸ்டேல் பதவி விலகினார். 2004 இல் கழகம் தரமிறங்கியது. அவ்வருடமே எல்லண்ட் றோட் மைதானமும் பயிற்சித் திடலும் விற்கப்பட்டன. 2007 இல் கடன் தீர்ப்பதற்கான நிர்வாகிகளின் பொறுப்பில் கழகம் ஒப்படைக்கப்பட்டு, 10 புள்ளிகள் கழிக்கப்பட்டு, மூன்றாம் பிரிவுக்குச் சென்றது. மீண்டும் பிறீமியர் லீக்கை எட்டுவதற்கு 2020 ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அலுவலகத்தில் இருந்த அலங்கார மீன்களுக்கு வாடகை செலுத்தப்பட்டமை அக்காலத்தில் பெரும் பரிகாசத்திற்கு உள்ளாகியது. ஆனால், அந்த மீன்களுக்குச் செலவானது அற்பத் தொகை. கழகத்தை விழுங்கியது, கிடைக்காத வெற்றியை வரவாக எழுதிக்கொண்ட நிதித் திட்டமேயாகும்.

இத்தகைய வீழ்ச்சியின் சுமை யார் தலையில் விழுகின்றது என்பதை போர்ட்ஸ்மவுத் கழகத்தின் கதை எடுத்துக் காட்டுகின்றது. 2008 இல் எவ்.ஏ. கிண்ணத்தை வென்ற அக்கழகம், 2010 பெப்ரவரியில் நிர்வாகிகளின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. பிறீமியர் லீக்கில் விளையாடிக் கொண்டிருக்கும்போதே இந்நிலையை அடைந்த முதலாவது கழகம் அதுவே. கடன்காரர்களின் பட்டியலில் வரித் திணைக்களமும் இருந்தது. உள்ளூர்ச் சிறு வியாபாரிகளும் இருந்தனர். மைதானத்தில் முதலுதவிச் சேவை வழங்கிய சென். ஜோன் அம்புலன்ஸ் அமைப்பும் இருந்தது.

இங்கு ஒரு விசித்திரமான விதி செயற்பட்டது. நிதி நெருக்கடிக்கு உள்ளாகும் கழகம், தொடரில் தன் இடத்தைத் தக்கவைத்துக் கொள்ள வேண்டுமாயின், வீரர்களுக்கும் ஏனைய கழகங்களுக்கும் கொடுக்க வேண்டிய கடனை முழுமையாகச் செலுத்த வேண்டும் என்பதே அவ்விதி. ஏனையோருக்கு எஞ்சியதே கிடைக்கும். பவுண் ஒன்றுக்கு 20 பென்ஸ் வழங்கும் திட்டமே 2010 இல் சாதாரணக் கடன்கொடுத்தோர் முன் வைக்கப்பட்டது. வாரந்தோறும் பல்லாயிரம் பவுண் பெற்ற வீரருக்கு முழுத்தொகை, அச்சகக்காரருக்கும் உணவு வழங்கியவருக்கும் ஐந்தில் ஒரு பங்கு என்பது எவ்வகை நீதி? பிரித்தானிய வரித் திணைக்களம் இவ்விதியை நீதிமன்றத்தில் ஆட்சேபித்த போதிலும், 2012 இல் அவ்வழக்கில் தோல்வியடைந்தது.

போர்ட்ஸ்மவுத் 2012 இல் இரண்டாவது தடவையும் அதே நிலையை அடைந்தது. கிண்ணம் வென்று ஐந்தே வருடங்களில், 2013 இல், நான்காம் பிரிவுக்கு வீழ்ந்தது. அவ்வேளை அதனைக் காப்பாற்றியவர்கள் கோடீஸ்வரர்கள் அல்லர். தலைக்கு 1000 பவுண் கொடுத்துப் பங்கு வாங்கிய ரசிகர்களே கழகத்தைப் பொறுப்பேற்று, பழைய கடனைத் தீர்த்து நிமிர்த்தினர்.

பெரி என்னும் சிறிய நகரின் கழகத்துக்கு அந்த அதிர்ஷ்டமும் வாய்க்கவில்லை. 1885 இல் ஆரம்பிக்கப்பட்டு, 1900 ஆம், 1903 ஆம் ஆண்டுகளில் எவ்.ஏ. கிண்ணத்தை வென்ற கழகம் அது. 2018 டிசம்பரில் வெறும் 1 பவுணுக்கு அது கைமாறியது. அடுத்த வருடம் வீரர்கள் சம்பளம் கிடைக்காத நிலையிலும் விளையாடி, அணியை மூன்றாம் பிரிவுக்கு உயர்த்தினர். ஆயினும், கழகத்தை நடத்துவதற்கு வேண்டிய நிதி இருப்பதை உரிமையாளர் நிரூபிக்கத் தவறியதால், 2019 ஓகஸ்ட் 27 ஆம் திகதி கழகம் தொடரிலிருந்து வெளியேற்றப்பட்டது. ரசிகர்கள் மைதானத்தை மீட்டு, 2023 இல் மீண்டும் அங்கு ஆட்டங்களை ஆரம்பித்தபோது அணி இருந்தது ஒன்பதாம் நிலைத் தொடரிலாகும்.

இவை தனிமனிதர்களின் தவறுகள் மட்டும்தானா? அவ்வாறு கூறிவிட முடியாது. டிலொய்ட் நிறுவனத்தின் கணிப்பின்படி, 2018-19 பருவகாலத்தில் இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவுக் கழகங்கள் ஈட்டிய ஒவ்வொரு 100 பவுணுக்கும் 107 பவுணைச் சம்பளமாகவே கொடுத்தன. மேற்பிரிவுக்கு உயர்ந்தால் கிடைக்கும் பெரும் வருமானத்தை எதிர்பார்த்தே இச்செலவு செய்யப்படுகின்றது. ஆனால், ஒவ்வொரு வருடமும் உயரக்கூடிய கழகங்கள் மூன்று மட்டுமே. அளவோடு செலவிடும் கழகம் பின்தங்கிப் போகும் என்ற அச்சத்தினால், பொறுப்புள்ள நிர்வாகமும் மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குகின்றது.

கழகத்தின் உரிமை ரசிகர்களிடம் இருந்தால் போதும் என வாதிடுவோரும் உளர். ஜேர்மனியில் வாக்குரிமையில் பாதிக்கு மேல் அங்கத்தவர்களிடம் இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. அந்நாட்டிலேயே பொரூசியா டோர்ட்மண்ட், 2000 இல் பங்குச்சந்தையில் பணம் திரட்டி, அதனையும் செலவழித்து, தன் மைதானத்தை விற்று, 2005 இல் வங்குரோத்தின் விளிம்புக்குச் சென்று மீண்டது. ஆகவே, உரிமை யார் கையில் இருப்பினும் கணக்கை வெளியார் ஒருவர் உரிய வேளையில் பரிசோதித்தாக வேண்டும் என்பதே நாம் பெறும் படிப்பினை.

தண்டனை முறையும் மீளாய்வுக்குரியது. கழகம் வங்குரோத்தடைந்தால் புள்ளிகள் கழிக்கப்படுகின்றன. ஆனால், கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் அதற்கு முன்னரே வெளியேறியிருக்கலாம். புள்ளியை இழப்பவர்கள் அடுத்து வந்த வீரர்களும், எங்கும் செல்லாமல் அதே ஆசனத்தில் அமர்ந்திருக்கும் ரசிகர்களுமே.

பெரியின் அனுபவத்தின் பின்னர், ட்ரேசி குரோச் தலைமையிலான மீளாய்வு 2021 இல் சுயாதீன ஒழுங்குபடுத்தும் அமைப்பொன்றைச் சிபாரிசு செய்தது. அதற்கான சட்டம் 2025 ஜூலையில் நிறைவேறியது. முதல் ஐந்து நிலைகளிலுள்ள கழகங்கள் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும்; உரிமையாளராக வருவோரின் தகுதியும் நிதிமூலமும் ஆராயப்படும்; அங்கீகாரமின்றி மைதானத்தை விற்க முடியாது என்பன அதன் முக்கிய அம்சங்களாகும். லீட்ஸ் தன் மைதானத்தை இழந்த வருடத்திலிருந்து எண்ணினால், இச்சட்டம் வருவதற்கு 21 வருடங்கள் சென்றுள்ளன.

சட்டத்தின் பயன் அதனைச் செயற்படுத்துவோரின் உறுதியிலேயே தங்கியுள்ளது. கழகம் வெற்றி பெறும் நாட்களில் கணக்கைக் கேட்பவர் துரோகியாகக் கருதப்படுவதுண்டு. லீட்ஸும் போர்ட்ஸ்மவுத்தும் வெற்றிக் களிப்பில் இருந்த நாட்களிலேயே அவற்றின் வீழ்ச்சிக்கான கடன்கள் எழுதப்பட்டன. அந்நாட்களிலேயே கணக்கைக் கேட்கும் அதிகாரம் இப்போது சட்டத்தினால் வழங்கப்பட்டிருக்கின்றது. ஆரவாரத்துக்கு அஞ்சாது அதனைப் பிரயோகிப்பதே புதிய அமைப்பின் முதற் கடமையாகும்.